பெட்டிக்குள் ஒரு முழங்கை

தொலைபேசி மேசையில் துள்ளியது.

சுதர்சினி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

இப்போது வேண்டாம்... கடவுளே, இப்போது மட்டும் வேண்டாம்!

எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தவர் திருச்செல்வம். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் பாதுகாப்புக் கெமரா பொருத்தும் பெரிய கம்பெனி ஒன்றின் தலைமைப் பொறியியலாளர். காலை ரயிலில் கண்டிக்கு வந்து, ஒரு பேன்சிக் கடையின் மேல்மாடியில் இருக்கும் இந்த ஸ்டூடியோவின் மரப்படிகளை மூச்சு வாங்க ஏறியிருக்கிறார்.

வந்தது ஒரே ஒரு பொருளை வாங்க.

அந்தப் பொருளின் பெயர் 'ஞாபகம்'.

சுதர்சினி எழுதிய மென்பொருள். எவ்வளவு பெரிய வீடியோவையும் சின்னஞ்சிறு ஃபைலாக ஒடுக்கிவிடும். ஹந்தானையில் பிறந்து, பேராதனையில் கணினி படித்து, கல்யாண வீடியோ தொகுக்க வந்தவள் மூன்று வருடமாகக் கட்டிய கோட்டை அது.

"பிள்ளை, இன்னொருக்கா சொல்லுங்கோ," என்றார் திருச்செல்வம். "மற்ற ஆக்களும்தான் வீடியோவச் சின்னதாக்கினம். உங்கட மட்டும் எப்பிடி இவ்வளவு சின்னன்?"

"வீடியோன்னா படங்களோட வரிசைதானே சார். எல்லாப் படத்தையும் முழுசா எழுதினா ஃபைல் யானை மாதிரி ஊதிரும். அதனால மாறினத மட்டும் எழுதுவாங்க. அசையாத சுவரத் திரும்ப எழுத மாட்டாங்க."

"ஓம். அது எல்லாரும் செய்யிறது."

"ஞாபகம் இன்னும் ஒரு படி மேல போகும். சுவருக்கு முன்னால ஒருத்தர் வந்து நின்னுட்டு விலகுறாருன்னு வைங்க. மத்தது எல்லாம் சுவர மறுபடி பார்த்து எழுதும். ஞாபகம் பார்க்காது. இந்தச் சுவர எனக்குத் தெரியுமேன்னு, பழைய சுவரையே எடுத்து வச்சிரும்."

"சுவர் மாறியிருந்தால்?"

"நல்லா மாறியிருந்தா புதுசா எழுதும். கொஞ்சூண்டுதான் வித்தியாசம்னா, பழசே போதும்னு விட்டுரும்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை வழிந்தது.

திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைகளிலும் வங்கிகளிலும் இருக்கும் கெமராக்கள் மாதக்கணக்கில் பதிவதை ஒரு தீப்பெட்டி அளவு டிஸ்க்கில் அடைத்துவிடலாம் என்றார். கம்பெனி இதைத்தான் தேடிக்கொண்டிருந்தது என்றார். தனக்கு முழுத் திருப்தி, தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி என்றார்.

தலை அசையத் தொடங்கியது.

தொலைபேசி மறுபடி துள்ளியது!

திரையில் நுஸ்ஹாவின் பெயர்.

ஸ்டூடியோ இரண்டு பேருக்கும் சொந்தம். கெமராவுக்குப் பின்னால் நுஸ்ஹா. கணினிக்கு முன்னால் சுதர்சினி. முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பகுதியை வீடியோ எடுப்பதில் கண்டியைச் சுற்றி இவர்களுக்குத் தனிப் பெயர். எடுப்பதும் பெண், தொகுப்பதும் பெண். தவறியும் ஓர் ஆண் கண்ணில் படாது. வேலை முடிந்ததும் ஃபைலை மணமகளின் உம்மாவின் கையில் கொடுத்து, கெமராவின் கார்டை அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவார்கள். ஸ்டூடியோவில் ஒரு பிரதிகூட மிஞ்சாது. அந்த உறுதிக்காகத்தான் அக்குரணையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் தேடி வருகிறார்கள்.

"சுதா..." நுஸ்ஹாவின் குரல் உடைந்திருந்தது. "என்னயக் கள்ளி எண்டு சொல்றாங்கடீ."

"யாரு?"

"எல்லாரும். பொலிஸும் வந்தீக்கிது. அங்கதான் கூட்டிட்டு வாராங்க."

தொடர்பு அறுந்தது.

சுதர்சினி எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை. திருச்செல்வத்தின் தலை பாதி அசைவில் நின்றிருந்தது.

மரப்படிகள் தடதடத்தன.

முதலில் நுழைந்தது காக்கி. சார்ஜன்ட் ஜெயராணி. நாவலப்பிட்டிப் பக்கத்துப் பெண். அகலமான தோள், கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

பின்னால் சகீனா. மணமகள் ஷஹ்மாவின் உம்மா. படியேறும்போதே பேசிக்கொண்டு வந்தவர், அறைக்குள் வந்தும் நிறுத்தவில்லை.

அடுத்தது றமீலா. மாப்பிள்ளையின் உம்மா. மென்மையான முகம். கண்கள் அழுது சிவந்திருந்தன.

கடைசியில் நுஸ்ஹா. முகத்தில் ரத்தமே இல்லை.

விஷயம் நாலாபுறமும் சிதறி வந்தது. சுதர்சினி பொறுக்கி எடுத்துக் கோத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு கட்டுகஸ்தோட்டையில் கல்யாணம். றமீலா மருமகளுக்காக ஒரு தங்க மாலை கொண்டுவந்திருந்தார். வரும் வெள்ளிக்கிழமை மருமகள் தன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது கழுத்தில் போடுவேன், அதுவரை எல்லாரும் பார்க்கட்டும் என்று, பெட்டியைத் திறந்து காட்டி மூடி, மணமேடைக்குப் பக்கத்தில் பரிசு மேசையில் வைத்திருந்தார். விருந்து முடிந்து பரிசுகள் மணமகள் வீட்டுக்குப் போயின. மறுநாள் பிரித்துப் பார்த்தால்... எல்லாம் இருந்தன.

பெட்டி இல்லை!

உடனே சகீனாவுக்கு வீடியோ ஞாபகம் வந்தது. போட்டுப் பார்த்தார். பார்த்த கையோடு பொலிஸுக்குப் போனார்.

"வீடியோவே காட்டிக் குடுத்திரிச்சே, இன்னும் என்ன?" என்றார் சகீனா. "எங்கட வீட்டுல ஒரு புள்ள மாதிரி உள்ளுக்கு எடுத்தோம் இவள."

றமீலா அவர் கையைப் பிடித்தார்.

"விடுங்க சகீனா. மாலை என்ன, இன்னொண்டு செஞ்சிக்கலாம். கல்யாணம் முடிக்காத புள்ளட பேரக் கெடுக்க வாணாம். நான் அப்பவே சொன்னேன், பொலிஸ் வாணாம், மறந்திருவோம் எண்டு."

நுஸ்ஹாவின் கண்கள் நன்றியோடு றமீலாவைப் பார்த்தன. இந்த அறையில் தனக்காகப் பேச ஒரே ஓர் ஆள்!

ஜெயராணி ரோல்ஸை முடித்துக் கையைத் துடைத்தார். பார்வை திருச்செல்வத்தின் மேல் நின்றது.

"இந்த சார் யாரு?"

சுதர்சினி சொன்னாள்.

"சார், இது பொம்பளைங்க வீடியோ. ஸ்டேஷன்ல இருந்து என்னைய அனுப்புனதே அதுக்குத்தான். கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

திருச்செல்வம் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினார். அது மழைக்கு ஊறிய கதவு. சாத்தினாலும் ஒரு விரல் இடைவெளி விடும்.

"நான் மற்றப் பக்கம் திரும்பி இருக்கிறன்," என்றது இடைவெளி.

"காது கேட்டாப் பரவாயில்ல சார்," என்றார் ஜெயராணி. "கண்ணுதான் பிரச்சின."

பிறகு அவர் சுதர்சினியிடம் கேட்டது ஒரே கேள்வி. கெமராவின் கார்டு எங்கே?

அழித்துவிட்டோம் என்றாள் சுதர்சினி.

ஜெயராணியின் புருவம் மேலே போனது. நகை காணாமல் போன கல்யாணம். எடுத்த வீடியோவின் அசல் அழிக்கப்பட்டிருக்கிறது. இதுவும் ஒரு வழமையா என்று கேட்டார்.

வழமைதான் என்று சகீனாவே ஒப்புக்கொண்டார். நகை காணாமல் போனது தெரியும் முன்னரே, விருந்தன்று பின்னேரம், தன் கண்முன்னால்தான் அழித்தார்கள், தானே பக்கத்தில் நின்று பார்த்ததாகவும் சொன்னார். அசல் போய்விட்டது. ஞாபகம் ஒடுக்கித் தந்த ஃபைல் மட்டும்தான் உலகத்தில் மிச்சம். அதன் பிரதிகள் தோஹாவிலும் ஜித்தாவிலும் லண்டனிலும் இருக்கும் சாச்சிமார், மாமிமார் எல்லாருக்கும் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

சகீனா கொண்டுவந்த ஃபைலைச் சுதர்சினி ஓடவிட்டாள்.

மேடையில் மணமகள். ஒவ்வொருவராக வந்து முத்தமிட்டுப் போகும் பெண்கள். வலப்பக்கம் வெள்ளை சாட்டின் விரித்த பரிசு மேசை. அதன் ஓரத்தில் மூடிய வெள்ளை வெல்வெட் பெட்டி. கெமரா முக்காலியில் நின்றிருந்ததால் காட்சி ஒரே கோணம்.

பெண்கள் வந்தார்கள், போனார்கள். பெட்டி இருந்தது.

பாட்டு மாறியது. பெட்டி இருந்தது.

மணமகள் கொட்டாவியை மறைத்தாள். பெட்டி இருந்தது!

பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். கெமரா அணைந்தது. மறுபடி எரிந்தபோது குடும்பப் படத்துக்காக வேறு கோணம்.

மேசை ஓரம் வெறுமை.

"நடுவுல மண்டபத்துல யாரு இருந்தாங்க?" என்றார் ஜெயராணி.

சகீனாவின் பார்வை நுஸ்ஹாவின் மேல் போனது.

"நான்தான்," என்றாள் நுஸ்ஹா மெல்ல. "லைட்டுகளக் கழட்டிட்டு இருந்தேன். ஆனா நான் எடுக்கல்ல மேடம். அல்லாஹ்ட ஆணையா எடுக்கல்ல."

ஜெயராணி பெருமூச்சு விட்டார். அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

சுதர்சினி நுஸ்ஹாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் என்ன இருந்ததென்று அவளுக்கே தெரியும். ஒரு நொடிதான். போன வாரம் நுஸ்ஹா படிக்கட்டில் நின்று யாரோடோ கிசுகிசுத்தது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றது. அப்போது பெரிதாகத் தோன்றாதவை இப்போது வரிசையில் வந்து நின்றன. பத்து வருடச் சிநேகிதியின் முகத்தில் ஒரு திருடியின் முகம் பொருந்துகிறதா என்று மனம் தானாகவே வைத்துப் பார்த்தது.

நுஸ்ஹா அதைக் கண்டுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

சகீனா கத்தியபோதுகூட அவள் இப்படிக் குனியவில்லை.

சுதர்சினிக்கு முகம் எரிந்தது. எங்கேயாவது ஒளிய வேண்டும் போலிருந்தது. ஒளிய இருந்த ஒரே இடம் திரை. காரணம் எதுவும் இல்லாமல் வீடியோவைப் பின்னால் ஓட்டினாள். முன்னால் ஓட்டினாள். மறுபடி பின்னால்...

விரல் நின்றது.

பரிசு மேசைக்குப் பக்கத்தில் பருத்த ஒரு பெண். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்துக் களைத்துப்போனவர். கன்னத்தில் கை வைத்து, முழங்கையை மேசையில் ஊன்றுகிறார். சரியாகப் பெட்டி இருக்கும் இடத்தில்.

பெட்டியின் மேலே அல்ல.

பெட்டிக்குள்!

கேக்கில் கத்தி இறங்குவதுபோல முழங்கை பெட்டியை ஊடுருவி மேசையைத் தொட்டு நின்றது. இரண்டு பக்கமும் பெட்டியின் மூடி அப்படியே இருந்தது. அந்தப் பெண் நிம்மதியாகக் கொட்டாவி விட்டார். முழங்கையை எடுத்தார். பெட்டி காயம் எதுவும் இல்லாமல் மூடிக்கொண்டது.

சுதர்சினி மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

பேய் இல்லை. பேயாக இருந்தால் எவ்வளவு நல்லது!

அங்கே பெட்டியே இல்லை. அதற்கு முன்பே யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் விலகியபோது ஞாபகம் மேசையை மறுபடி பார்க்கவில்லை. வெள்ளைத் துணிமேல் வெள்ளைப் பெட்டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். பழசே போதும் என்று, இல்லாத பெட்டியைத் தன் நினைவிலிருந்து எடுத்து வைத்துவிட்டது. கெமராவைத் திருப்பும் வரை வைத்துக்கொண்டே இருந்தது.

அவளுடைய மூன்று வருடம், அவளுடைய சிநேகிதியைத் திருடியாக்கியிருக்கிறது.

யாரும் கவனிக்கவில்லை. சகீனா ஜெயராணியிடம் பேசிக்கொண்டிருந்தார். றமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவுக்கு வெளியே கதிரை முனகியது.

அவர் இருக்கிறார். ஒரு விரல் இடைவெளியில் காதோடு இருக்கிறார். இல்லாததைக் காட்டும் வீடியோவைப் பாதுகாப்புக் கெமராவுக்கு யார் வாங்குவார்கள்? மெதுவாகச் சொல்லலாமா? ஜெயராணியின் காதில் மட்டும்... ரகசியமாக... அவர் ரயிலேறிப் போன பிறகு...

நுஸ்ஹா இன்னும் குனிந்துதான் நின்றாள்.

சுதர்சினி தொண்டையைச் செருமினாள். பேசியபோது குரல் தேவைக்கு மேலேயே உரக்க வந்தது.

"மேடம், இந்த வீடியோ பொய் சொல்லுது. நான் எழுதுன மென்பொருள்தான் பொய் சொல்ல வச்சிருக்கு."

வெளியே கதிரையின் முனகல் நின்றுபோனது.

அவள் முழங்கையைக் காட்டினாள். ஜெயராணி மூன்று தரம் பார்த்தார். மூன்றாம் தரம் தன் முழங்கையையே மேசையில் ஊன்றிப் பார்த்தார். சுவரையும் சுவருக்கு முன்னால் வந்து நிற்கும் ஆளையும் பற்றி இன்னொரு முறை சுதர்சினி விளக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை குரலில் பெருமை இல்லை.

"அப்ப பெட்டி போனது எப்ப?" என்றார் ஜெயராணி.

றமீலா குறுக்கிட்டார். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"பொய் சொன்ன மெஷின் இப்ப மட்டும் உண்ம சொல்லுமா புள்ள? இத விட்டுருங்க. முடிஞ்சது முடிஞ்சிரிச்சு."

நல்ல கேள்வி. சுதர்சினியும் அதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அசையாததப் பத்தித்தான் இது பொய் சொல்லும் மாமி," என்றாள் யோசித்து யோசித்து. "அசையிறத அப்பப்ப புதுசாத்தான் எழுதும். கை, முகம், சேலை... அதுல பொய் வராது. அதனால பெட்டியப் பார்க்க வேண்டாம். பெட்டிக்குப் பக்கத்துல வந்த கைகள மட்டும் பார்ப்போம்."

பின்னால் ஓட்டினாள்.

ரோஸ் சட்டை போட்ட ஒரு குட்டிப் பெண் மேசைக்கு வருகிறாள். பெட்டியின் மூடியைத் தட்டித் தாளம் போடுகிறாள். கை மூடிக்கு மேலேயே நிற்கிறது. உள்ளே போகவில்லை.

"இங்க பெட்டி இருக்கு," என்றார் ஜெயராணி.

பிறகு முழங்கை. அங்கே பெட்டி இல்லை.

"ரெண்டுக்கும் நடுவுல?"

நடுவில் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றது ஒரே ஓர் உருவம்.

கெமராவுக்கு முதுகைக் காட்டி நின்றது. பூச்சாடியைச் சரி செய்வதுபோலக் கைகள் அசைந்தன. தோளில் ஒரு கறுப்புக் கைப்பை. வரும்போது அது தட்டையாகத் தொங்கியது. போகும்போது நிறைமாதமாகப் புடைத்திருந்தது.

உருவம் திரும்பியது.

மென்மையான முகம்.

றமீலா!

அறையில் இருந்த நான்கு பேரும் அவரை நோக்கித் திரும்பினார்கள். ஐந்தாவது ஆள் கதவுக்கு வெளியே, "ஆர் பிள்ளை? ஆர் அது?" என்றார்.

"நீங்க... நீங்களே கொண்டுவந்ததத்தானே?" சகீனாவின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

றமீலா கதிரையில் சரிந்தார். அழுகை இந்தத் தடவை நிஜமாகவே வந்தது. அழுகையோடு கதையும் வந்தது. மாலை அவருடையதே இல்லை. அக்குரணையில் இருக்கும் அவருடைய தாத்தாவின், அதாவது அக்காவின், மாலை. மருமகளுக்கு மாலை போடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. மகனின் வியாபாரம் படுத்துவிட்டது. சொன்ன வாயை மூடவும் முடியவில்லை. உடன்பிறந்தவள்தானே என்று இரவல் வாங்கி மேசையில் வைத்தார். வைத்ததைக் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது. காணாமல் போன மாலையை யாரும் கழுத்தில் போடச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? அன்றைக்கே தாத்தாவிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"மண்டபத்துல விழுந்திரிச்சி எண்டு எல்லாரும் விட்டுருவாங்க எண்டுதான் நெனச்சேன்," என்றார். "இந்தப் புள்ள மேல போகும் எண்டு சத்தியமா நெனைக்கல்ல. அதாலதான் விடுங்க, விடுங்க எண்டு கெஞ்சினேன்."

"கெஞ்சினீங்க. எடுத்தது நான்தான் எண்டு மட்டும் சொல்லல்ல," என்றாள் நுஸ்ஹா. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் குரலில் எலும்பு இருந்தது.

ஜெயராணி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"நான் என்னத்த எழுதுறது? கொண்டாந்தவங்களே எடுத்துட்டுப் போயிருக்காங்க. சொந்தக்காரவங்க கைக்கும் போய்ச் சேர்ந்திருச்சு. இதுக்கு நான் யாரப் பிடிச்சு உள்ள போடுறது? முறைப்பாட்ட வாபஸ் வாங்குங்கம்மா. நான் போய் ஒரு ரோல்ஸ் சாப்பிடுறேன்."

சகீனா நீண்ட நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. கோபம் முகத்தில் ஏறியது. பிறகு அதற்கு மேல் இன்னொன்று ஏறியது. தன் மகள் வெள்ளிக்கிழமை இந்தப் பெண்ணின் வீட்டுக்குள்தான் போகப் போகிறாள். காலம் முழுக்க அங்கேதான் இருக்கப் போகிறாள்.

"இது இந்த ரூமை விட்டு வெளிய போகாது," என்றார் கடைசியில். "என்ட மகள்ட முகத்துக்காக."

"என்ட முகம்?" என்றாள் நுஸ்ஹா. "குடும்ப வாட்ஸ்அப் க்ரூப்புல என்னயக் கள்ளி எண்டு குரல் போட்டீங்களே மாமி. அது தோஹா வரைக்கும் போயிரிச்சே."

சகீனா அவளைப் பார்த்தார். போனை எடுத்தார். எல்லார் முன்னாலும் அழுத்திப் பேசினார். அல்ஹம்துலில்லாஹ், பெட்டி வேன் கதிரைக்குக் கீழ் கிடைத்துவிட்டது, நுஸ்ஹா தங்கமான பிள்ளை, அவசரப்பட்டுச் சொன்னது தன் தப்பு, அவள் மன்னிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை றமீலா மருமகள் கழுத்தில் மாலை போடும் வீடியோவும் இன்ஷா அல்லாஹ் வரும்.

கடைசி வரியைக் கேட்டு றமீலா நிமிர்ந்தார். சகீனா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பாராமுகத்தில் முழுத் தண்டனையும் இருந்தது.

படிகள் மறுபடி தடதடத்தன. இந்தத் தடவை கீழ்நோக்கி.

சுதர்சினி கதவைத் திறந்தாள். திருச்செல்வம் சொன்ன சொல் தவறாமல் சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் கேட்டுச்சா சார்?"

"ஓம் பிள்ளை. முழுக்கக் கேட்டது."

அவர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். வங்கிக்கு இது சரிவராது என்றார். திருடன் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் பெட்டகம் அங்கேயே இருப்பதாகக் காட்டினால் தன்னைத்தான் உள்ளே போடுவார்கள் என்றார். சுதர்சினி தலையாட்டினாள். அழக் கூடாது என்று சுவரைப் பார்த்தாள்.

இரண்டு படி இறங்கியவர் நின்றார்.

"நீங்கள் அதை ரகசியமாச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கேளாமல்."

"சொல்லியிருக்கலாம் சார்."

"உங்கட மென்பொருளுக்குக் கொஞ்சம் சந்தேகப்படப் பழக்குங்கோ பிள்ளை. எப்பவாவது திரும்பிப் பாக்கச் சொல்லுங்கோ. அது பழகினாப் பிறகு கூப்பிடுங்கோ. வாறன்."

போய்விட்டார்.

அவள் அறைக்குள் திரும்பினாள். நுஸ்ஹா ஜன்னலோரம் நின்றிருந்தாள். கீழே குட்ஷெட் பஸ் நிலையத்தின் பக்கம் போகும் பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.

"வித்துப் போயிருக்கும். என்னால கெட்டிரிச்சு," என்றாள் நுஸ்ஹா.

"உன்னால இல்ல. ஒரு முழங்கையால."

நுஸ்ஹா சிரிக்கவில்லை.

"நீயும் நம்பினாய், என்ன?"

சுதர்சினிக்குப் பொய் ஒன்று தயாராக நாக்கில் வந்து நின்றது. இல்லவே இல்லை என்று சொல்லும் பொய். அதை விழுங்கினாள்.

"ஒரு நொடி. நீ படிக்கட்டுல நின்னு யாரோட கிசுகிசுத்தேன்னு தெரியாம."

நுஸ்ஹா திரும்பினாள். கண்ணில் நீரும் உதட்டில் வேறு ஏதோ ஒன்றும்.

"என்னயப் பொண் கேட்டு வந்தீக்கிறாங்க. வீடியோ எடுக்க ஆள் தேடிட்டு இருந்தேன், மாடு. என்ட கல்யாணத்த நானே எடுக்க ஏலுமா?"

சுதர்சினி அவளைக் கட்டிக்கொண்டாள். பத்து வருடமாகத் தெரிந்த முகம்தான். ஆனாலும் தள்ளி நிறுத்தி இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தாள். வலது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. இத்தனை நாள் அதை எப்படிப் பார்க்காமல் போனோம்?

கதவு கிறீச்சிட்டது.

இருவரும் திரும்பினார்கள்.

றமீலா! தனியாக. சகீனாவை த்ரீவீலரில் ஏற்றிவிட்டு மறுபடி படியேறி வந்திருக்கிறார். முந்தானை ஓரத்தைத் திருகியபடி வாசலிலேயே நின்றார். முதலில் நுஸ்ஹாவிடம் மன்னிப்புக் கேட்டார். கெட்டியாக, முழுதாக, அழாமல் கேட்டார். நுஸ்ஹா நன்றாகக் காக்க வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஆனாலும் அவர் போகவில்லை.

"புள்ள," என்றார் சுதர்சினியிடம். குரல் கிசுகிசுப்பானது. "சகீனா ஊர் முழுக்கச் சொல்லிட்டா. வெள்ளிக்கிழம நான் மாலை போட்டே ஆகணும். தாத்தாக்கிட்ட இப்பதான் போன் பண்ணினேன். ஒரே ஒரு நிமிஷத்துக்குத் தாரன் எண்டு சொல்றா."

"சரி மாமி."

"மருமகள்ட கழுத்துல ஒரு நிமிஷம் போட்டுட்டுக் கழட்டிட்டா... மிச்ச வீடியோ பூரா உங்கட அந்த ஞாபகம் மாலையக் கழுத்துலயே வெச்சிருக்குமா?"

நுஸ்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுதர்சினி முகத்தை மாற்றாமல் சொன்னாள்.

"முயற்சி பண்ணலாம் மாமி. மருமக அசையக் கூடாது. அதவிட முக்கியம், இந்தத் தடவையாவது நீங்க அசையக் கூடாது."